பதினாலாம் நம்பர் காட்டு உருளி

வானத்திலிருந்து விழுந்த எதையோ பிள்ளைகள் கண்டெடுத்து, கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து, கடைசியில் உலகத்தையே காப்பாற்றுகிற படங்கள் உண்டல்லவா, அந்த மாதிரிப் படம் டிவியில் ஓடினால் என் மகள் சிவசங்கரிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நானும் கூட உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் படங்களின் மேல் ஒரே ஒரு கோபம்தான். அதில் வருகிற அப்பா அம்மாவுக்கு நம்பாமல் இருப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது. பிள்ளை ஓடிவந்து "அம்மா, தோட்டத்தில் என்னமோ நிற்கிறது" என்று சொன்னால், "முதலில் போய்ப் பல்லைத் தேய்" என்பாள் அவள். படம் முடிகிறவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெற்றவளை இவ்வளவு மக்காகவா காட்டுவது என்று டிவியைப் பார்த்துத் திட்டுவேன்.

"அம்மா, கத்தாத. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்பாள் சிவசங்கரி.

அப்படி ஒரு படத்தில் இவளே நடிப்பாள் என்றும், அந்தப் படம் நின்றுபோகிற நிலைமைக்கு என் வீட்டுக்காரரே கொண்டுவந்து விடுவார் என்றும் யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால், அவரையும் போய்ப் பல்லைத் தேய்க்கத்தான் சொல்லியிருப்பேன்.

நாங்கள் இருப்பது வண்டிப்பெரியாருக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போக வேண்டிய ஒரு எஸ்டேட் டிவிஷனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில். நான் கொழுந்து எடுக்கிறவள். என் வீட்டுக்காரர் நல்லதம்பி கவாத்து ஆட்களுக்குத் தலைவர். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். நாலு வருடத்துக்கு ஒருமுறை அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதுதான் கவாத்து. வெட்டி முடித்த காடு மொட்டையாக, பச்சை என்பதே இல்லாமல் கிடக்கும். ஒரு வளைவுக்குள் அடங்கிய தேயிலையை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு.

ஜிஸ்மி என்ற பெண் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கட்டப்பனைக்காரி, சின்ன வயது, படம் டைரக்ட் பண்ணுகிறவள், அதுதான் அவளுக்கு முதல் படம். எஸ்டேட்டில் மூன்று பிள்ளைகள் வானத்திலிருந்து விழுந்த ஒரு மெஷினைக் கண்டெடுக்கிறார்கள், அதுதான் கதை. மற்ற இரண்டு பிள்ளைகளை எர்ணாகுளத்திலிருந்து கூட்டி வந்துவிட்டாளாம், லயத்துப் பெண்ணாக நடிக்க மட்டும் லயத்துப் பெண்ணே வேண்டுமாம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னபோது, "அந்த மெஷினுக்குப் பசிக்குமா?" என்று கேட்டவள் என் மகள். அவளையே எடுத்துக்கொண்டாள்.

அதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. கதையில் அந்த மெஷின் தெரியாத்தனமாகத் தன் கையால் அவள் முடியை வெட்டிவிடுகிறது. சிவசங்கரிக்கு இடுப்பைத் தாண்டிய முடி. சாமிக்கு நேர்ந்துகொள்ளக்கூட எனக்கு மனது வராத முடி. "போனா வளரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். முடி விழ விழ அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், நான்தான் வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மெஷினைச் செய்தவன் மிக்கேல்ராஜ். டவுனில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற பையன். கல்யாணச் சமையலுக்கு ஏற்றுகிற பெரிய உருளி இரண்டை வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்து வயிறாக்கி, ஜீப்பின் முன்விளக்கு ஒன்றை ஒற்றைக் கண்ணாக்கி, ஃபாக்டரியில் கழித்துப் போட்ட சல்லடையில் இரண்டு காது வைத்திருந்தான். படத்தில் அதற்குப் பெயரே உருளிதான். வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கம்பியை இழுத்தால் கண் மெதுவாகத் திரும்பும். அது திரும்பிப் பார்க்கிற அழகைப் பார்த்தால், இதற்குப் பசிக்குமோ என்று எனக்கே தோன்றும்.

லீவு நாட்களாகப் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சீன், உருளி வானத்துக்குத் திரும்பிப் போகிற சீன். பதினாலாம் நம்பர் காட்டில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கயிறும் கப்பியும் கட்டி, உருளியை மேலே தூக்க வேண்டும். துரத்திவருகிற பெரியவர்கள் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் மூன்று பேரும் அதை வழியனுப்பிவிட வேண்டும். சிவசங்கரி, "நான் உன்னை மறக்க மாட்டேன்" என்று சொல்லி அழ வேண்டும்.

அந்த அழுகைதான் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்த்தார்கள். என் மகள் அந்த வசனத்தை வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்கிற மாதிரிச் சொன்னாள். "சாரமில்ல மோளே, நாளைக்கு வரும்" என்று தேற்றினாள் ஜிஸ்மி. ஆனால் அவள் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேமரா எர்ணாகுளத்துக்குத் திரும்பியாக வேண்டும். அந்தப் பிள்ளைகளும் அன்றைக்கே கிளம்புகிறார்கள். அதற்குள் எடுக்காவிட்டால் இனி எடுக்க வழியில்லை என்று மிக்கேல்ராஜ் என்னிடம் தனியாகச் சொன்னான். வாலில்லாத மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள்?

அன்றைக்கே உருளியைக் காட்டில் இறக்கி, விழுந்த இடத்திலிருந்தே கிளம்புகிற மாதிரி பாதி மண்ணில் புதைத்துவிட்டுப் போனார்கள். அதற்குத் தோதான சமதரை அந்தச் சரிவில் ஓரிடத்தில்தான் உண்டு. அந்த இடத்தில் ஒரு கல் கிடந்தது. ஊர்பேர் தெரியாத கல் என்று நினைத்து அதை உருட்டி, மழைத்தண்ணீர் வடிகிற கானுக்குள் தள்ளிவிட்டார்கள்.

அது கவாத்துச்சாமி. நாலு வருட மழையில் குங்குமம் கரைந்துபோனால் சாமியும் கல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமைதான் கவாத்து என்று சொல்லியிருந்தார்கள். மழை வெறித்ததும் சனிக்கிழமையே தொடங்கச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். விடிந்தும் விடியாமலும் என் வீட்டுக்காரர் ஆட்களோடு போய்விட்டார். முதல் செடியில் கத்தி வைக்குமுன் சாமிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கத்தியை எல்லாம் அதன் முன்னால் பரப்பிச் சூடம் காட்ட வேண்டும். அப்போதுதான் கத்தி காலில் பாயாது. சாமி நின்ற பிறகு, அந்தக் காட்டில் கடைசிச் செடியை வெட்டி முடிக்கிறவரை அதை யாரும் அசைக்கக் கூடாது. இது எங்கள் மாமனார் காலத்துக்கும் முந்திய வழக்கம்.

காலை ஒன்பது மணிக்கு ஜிஸ்மியின் ஆட்களோடு நானும் சிவசங்கரியும் ஏறிப்போய்ப் பார்த்தால், உருளி நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, காதில் செவ்வந்தி மாலை மாட்டிக்கொண்டு, தன் ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் உடைத்த தேங்காய் இரண்டு மூடி. காட்டில் ஒரு மூலை ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏங்க, ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இது உருளின்னு தெரியாது?"

"தெரியுமே" என்றார் அவர், கத்தியைத் தீட்டிக்கொண்டே. "கல்லக் காணோம். நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. அத்தன பேரும் கத்தியோட நிக்கிறாக. அந்த எடத்துல நின்னது இதுதான். என்னைய என்ன செய்யச் சொல்ற?"

"இன்னைக்குப் படம் புடிக்கணும்னு தெரியாதா?"

"புடிக்கட்டும்னுதான் நெனச்சேன். தூக்குவாகன்னு யாரு சொன்னா? எங்கிட்ட யாரு எதச் சொல்றீக?"

இந்த மாதிரிப் படத்தில் அப்பனிடம் யாரும் எதையும் சொல்வதில்லைதான்.

ஜிஸ்மி கும்பிடாத குறையாக நின்றாள். "சேட்டா, இது சாமி இல்லல்லோ. மிக்கேல்ராஜ் செஞ்ச பாத்திரமில்லே?"

"எந்தச் சாமியும் யாராச்சும் செஞ்சதுதானம்மா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அவருக்கும் வருத்தம்தான்.

கானில் கிடந்த கல்லை எடுத்துவைத்து, பூசையை அதற்கு மாற்றிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளாதவர் பாண்டித்துரை அண்ணன். கவாத்து ஆட்களில் மூத்தவர், வலது காலைச் சாய்த்துத்தான் நடப்பார். வேட்டியை மடித்து, கெண்டைக்காலில் நீளமாக ஓடுகிற தழும்பைக் காட்டினார். "ரெண்டு கவாத்துக்கு முந்தி, பாதையில இருக்குதுன்னு எவனோ கல்ல ஒரு பக்கமாத் தள்ளி வச்சான். மறுநாள் என் கத்தியே என்னையப் பாத்துச்சு. நடுவுல சாமியத் தூக்காதீக தாயி. அம்புட்டுத்தான் சொல்வேன்."

வெட்டுப்பட்டவனோடு யார் வாதாடுவது? காட்டை முடிக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஜிஸ்மி ஒரு செடியின் மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். எர்ணாகுளத்துப் பிள்ளைகள் அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். சிவசங்கரி கையைக் கொண்டுபோய்ப் பின்கழுத்தைத் தடவினாள், முடி இருந்த இடத்தை. அன்றைக்கு நான் ஆத்தா என்றும் பார்க்காமல், அப்பன் என்றும் பார்க்காமல் ஊரில் எல்லாரையும் சபித்தேன். மத்தியானச் சோற்றை அவருக்கு எடுத்து வைத்தேனே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சம் வந்ததும் லயத்துக்கு முன்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பாண்டித்துரை அண்ணன் நிற்கிறார். கையில் கத்தி. கூடவே அவர் மருமகன்கள், மேல்டிவிஷன் கவாத்து ஆட்கள், ஃபாக்டரியில் வேலை செய்கிற பையன்கள்.

"லீவு நாள்ல எங்கண்ணே?" என்றேன்.

"காட்ட முடிக்கத்தான். சாமியத் தூக்கக்கூடாதுன்னு நேத்துச் சொன்னேன். காட்ட இன்னைக்கே முடிக்கக்கூடாதுன்னா சொன்னேன்?" என்றவர், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஏ நல்லதம்பி, எந்திரிய்யா. ஒம் மக முடி சும்மாவா போகணும்?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் சாமிக்கும் பயந்தவர், என் பிள்ளைக்கும் இரங்கியவர். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற ஒரு வழி ராத்திரி முழுக்க அவர் மனதில் புரண்டிருக்கிறது. முந்தின நாள் அவரை என்னவெல்லாம் சொல்லித் திட்டினேன் என்று நினைத்துக்கொண்டே என் வீட்டுக்காரரை எழுப்ப உள்ளே ஓடினேன்.

ஊர் கூடினால் தேர் நகரும் என்பார்கள். நான் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் வெட்டினார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி மதினி பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, வெட்டிய கிளையை இழுத்து ஒதுக்கவும் தண்டில் பிடித்த பாசியைச் சுரண்டவும் ஆளைப் பிரித்துவிட்டாள். "அடுப்புக்கு வெறகு ஆச்சு, சினிமா பாத்த மாதிரியும் ஆச்சு. ஏ ஆனந்தி, இந்தக் கோலத்துல என்னையப் படத்துல போடுவாகளா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மிக்கேல்ராஜ் பட்டறையிலிருந்து சாணைக்கல்லோடு வந்து கத்திகளுக்குச் சாணை பிடித்தான். ரிட்டயர் ஆனவர்கள் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார்கள். ஒரே நாளில் முடியப்போகிற காட்டைப் பார்த்து எங்கள் சூப்பர்வைசர் வாயைப் பிளந்தார், பிறகு அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ஜிஸ்மிக்கு முதலில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. நான் சொன்னதும் அப்படியே நின்றாள். "எனிக்கு வேண்டியோ, சேச்சி?" என்று கேட்டாள். அவளுக்காகவா என்று கேட்கிறாள். "ஒனக்கும்தான், இவளுக்கும்தான், சாமிக்கும்தான்" என்றேன். அவளும் குனிந்து கிளை பொறுக்க ஆரம்பித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் சரிவு முழுக்க மொட்டையாகிக்கொண்டு வந்தது. பச்சை போய், சாம்பல் நிறத்தில் கட்டை கட்டையாக நின்ற காட்டுக்குள் மஞ்சுமூட்டம் இறங்கியது. அதற்கு நடுவில் குங்குமப் பொட்டோடு உருளி. ஜிஸ்மி நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு ஏதோ ஒரு கிரகம் மாதிரி இருந்தது அது. அதைக் காசு கொடுத்து எந்த ஊரில் செட் போடுவது?

"குங்குமம் துடைக்கண்டா" என்று கத்தினாள். "மாலையும் அங்கேயே இருக்கட்டும். நல்லதம்பிச் சேட்டா, நேத்து செய்தபோலே ஒரு பொட்டு கூட வச்சுத் தரணும். அதையும் எடுக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியவங்க துரத்துற சீன் வேண்டா சேச்சி. எல்லாரும் கூட நிக்கட்டும்" என்றாள்.

எல்லாரும் நின்றோம். சேறும் இலைச் சாறும் ஒட்டின உடம்போடு, அப்படியே. கடைசிச் செடிக்குக் கத்தி வைக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவர் கத்தியைப் பாண்டித்துரை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் சாய்ந்த காலை ஊன்றிக்கொண்டு, நாலு வெட்டில் முடித்தார். யார் காலிலும் ஒரு கீறல் இல்லை.

சூடம் ஏற்றினார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, எங்களில் ஒருவருக்கும் அது நினைவில்லை. சாமியை அனுப்பும்போது எப்போதும் சொல்வதை என் வீட்டுக்காரர் சொன்னார். "காத்துக் குடுத்த சாமி, சந்தோசமாப் போ. அடுத்த கவாத்துக்கு வந்துரு." ஆட்கள் எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். கயிற்றைப் பிடித்ததும் அவர்கள்தான். சாமி விஷயத்தில் வெளியாட்களை நம்ப அவர்கள் தயாராக இல்லை. கப்பி சுழன்றது. உருளி மண்ணை உதிர்த்துக்கொண்டு மெதுவாக எழும்பியது. மிக்கேல்ராஜ் கம்பியை இழுத்தான்போல, அந்த ஒற்றைக் கண் திரும்பி சிவசங்கரியைப் பார்த்தது.

அவள் ஜிஸ்மி சொல்லிக் கொடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் சொன்னாள். "அடுத்த கவாத்துக்கு வந்துரு" என்றாள். "வந்துரு என்ன, வந்துருவேல்ல?" என்று இன்னொரு முறை கேட்டாள். கேட்கும்போதே குரல் உடைந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். எர்ணாகுளத்துப் பிள்ளைகள் இரண்டும் அவளைக் கட்டிக்கொண்டன. மஞ்சுமூட்டம் வந்து உருளியை மூடியது. ஜிஸ்மி "கட்" சொல்ல மறந்து நின்றாள்.

படம் வெளிவந்தது. பெரிதாக ஓடவில்லை. கட்டப்பனையில் ஒரு தியேட்டரில் இருந்தபோது லயமே ஜீப்புகளில் அடைந்துகொண்டு போய்ப் பார்த்தோம். குங்குமம் வைக்கிற இடத்தில் என் வீட்டுக்காரரைப் பெரிய திரையில் பார்த்து எல்லாரும் விசிலடித்தார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டார். முத்துப்பேச்சி மதினி மூன்று இடத்தில் தன்னைக் கண்டுபிடித்தாள். எனக்கு ஒரு நிறைவு. அந்த மாதிரிப் படத்தில் முதல் தடவையாக ஒரு அப்பன் நம்பினான். பிள்ளைகள் நம்புவதற்கு முன்னாலேயே நம்பினான், தேங்காய் உடைத்து நம்பினான். அவரை நான் பேசின பேச்சுக்கெல்லாம் தியேட்டர் இருட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, படத்தப் பாருங்க" என்றேன்.

நாலு வருடம் போனது தெரியவில்லை. சிவசங்கரிக்கு முடி பழையபடி இடுப்பைத் தொட்டுவிட்டது. பதினாலாம் நம்பர் காட்டில் செடி ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. மழை வெறித்த ஒரு காலையில் மறுபடியும் கவாத்து. கானில் கிடந்த கல்லை என் வீட்டுக்காரர் முன்கூட்டியே எடுத்துக் கழுவி வைத்திருந்தார், இந்தத் தடவை குழப்பமே வேண்டாம் என்று. நான் தேங்காய்க் கூடையைச் சுமந்து போனேன். சிவசங்கரியும் கூட வந்தாள், பிளஸ் ஒன் வகுப்புக்கு அன்றைக்குப் போகவில்லை.

சூடத்தை ஏற்றப்போகிற நேரம், கீழே ஜீப் உறுமுகிற சத்தம். மண்பாதையில் திணறித் திணறி ஏறி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மிக்கேல்ராஜ். முன்சீட்டிலிருந்து இறங்கினவள் ஜிஸ்மி. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டாவது படம் அமையவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்படி இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் ஜீப்பின் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கினாள்.

உருளி. உருளியேதான். வயிற்றில் கொஞ்சம் துரு ஏறியிருந்தது, ஒரு காது புதிதாக மாற்றியிருந்தது. நெற்றியில் பழைய குங்குமம் காய்ந்து கறுத்து, துடைக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டாங்க சேச்சி, ஞான் கொடுத்தில்ல" என்றாள் ஜிஸ்மி. "கவாத்துன்னு மிக்கேல்ராஜ் விளிச்சுச் சொன்னான். வரச் சொல்லி அனுப்பினீங்களே, வரண்டாமோ?"

சிவசங்கரி ஓடிப்போய் அந்தத் துருப்பிடித்த வயிற்றைக் கட்டிக்கொண்டாள். பெரிய பெண் ஆகிவிட்டாள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர் கல்லைப் பார்த்தார், உருளியைப் பார்த்தார். பிறகு கல்லை ஒரு முழம் தள்ளி வைத்து, பக்கத்தில் இடம் விட்டார். நாலு பேர் சேர்ந்து உருளியை இறக்கி நிறுத்தினார்கள். இரண்டுக்கும் பொட்டு, இரண்டுக்கும் மாலை, இரண்டுக்கும் சூடம். நான் ஜிஸ்மியின் கையைப் பிடித்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன். நன்றி என்று அவளிடம் வாய்விட்டும் சொன்னேன், இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆட்கள் கத்தியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போகத் திரும்பினார்கள். பாண்டித்துரை அண்ணனுக்கு இப்போது கத்தி பிடிக்க முடியாது, சும்மா பார்க்க வந்து பாறையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏ நல்லதம்பி, எதுக்கய்யா இம்புட்டு அவசரம்? இந்தத் தடவ காட்ட மெதுவா முடிங்க."